சட்டையைக் கழட்டு, எஃபி

கிரிசெல்: சட்டையைக் கழட்டுடி எஃபி. கீழ மாட்டுவண்டி நிக்குது.

எஃபி: நிக்கட்டும். மாட்டுக்கு என்ன அவசரம்...

கிரிசெல்: ரயிலுக்கு அவசரம். டைஃபஸ் காய்ச்சல் வார்டு நர்ஸ் யார் ஊருக்குக் கிளம்பினாலும், அதைப் பரப்பற பேன் இருக்கான்னு தையல் மடிப்பெல்லாம் பாத்து, உடம்புக்கு மண்ணெண்ணெய் தடவித்தான் அனுப்பணும். நீ போட்ட சட்டம்தான்.

எஃபி: அப்ப எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி.

கிரிசெல்: இப்ப மட்டும் குறைஞ்சிடுச்சாக்கும்!

எஃபி: உக்காருடி கொஞ்சம். நின்னுக்கிட்டே தூங்கற.

கிரிசெல்: உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். பட்டனைக் கழட்டு.

எஃபி: மாடிக்குப் போயி மெய்ஸிய ஒரு எட்டு பாத்துட்டு...

கிரிசெல்: தூங்கறா.

எஃபி: நேத்தும் அதையேதான் சொன்ன.

கிரிசெல்: காய்ச்சல்காரி தூங்காம டான்ஸா ஆடுவா?

எஃபி: ஏதாவது சாப்பிட்டாளா?

கிரிசெல்: ...ரெண்டு வாய் ஓட்ஸ் கஞ்சி. உப்பு பத்தலைன்னு திட்டினா.

எஃபி: திட்டினாளா? அப்ப பொழைச்சுக்குவா! கஞ்சியில சர்க்கரை போட்டாள்னு அந்த லண்டன்கார நர்ஸ் கூட ஒரு வாரம் பேசாம இருந்தவளாச்சே.

கிரிசெல்: ஆமா...

எஃபி: ஜன்னலைத் தொறந்து வெச்சியா?

கிரிசெல்: நாம தொறக்கறோம், கால்ல அடிபட்டு வந்த மிலுட்டின் வந்து சாத்தறான். குண்டுக்குப் பயப்படாத சார்ஜென்ட், காத்துக்குப் பயப்படறான். செர்பியாக்காரங்க எல்லாருமே அப்படித்தான்... பேச்சை மாத்தாத. கையை நீட்டு.

எஃபி: நான் அடுத்த வண்டியில போறேனே.

கிரிசெல்: அடுத்த வண்டி எப்ப வரும்னு அந்த மாட்டுக்கே தெரியாது. உன் வேலைத் தவணை முடிஞ்சுது. பீட்டர்ஹெட் துறைமுகத்துல உங்கப்பா வந்து நிப்பார்.

எஃபி: எங்கப்பா மீன் படகுக்கு மட்டும்தான் வந்து நிப்பார்.

கிரிசெல்: விளையாடாத. ஸ்காட்லாந்துலேருந்து மூணு பேரும் ஒண்ணா கப்பல் ஏறினோம். ஒருத்தியாவது ஊர் போய்ச் சேரணும். எனக்கு அது போதும்.

எஃபி: ஒருத்தியாவதா? அப்ப நீயும் மெய்ஸியும் இங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?

கிரிசெல்: ...ஏதோ அலுப்புல சொல்லிட்டேன். கையை நீட்டுடி, தாயே.

எஃபி: நானே தடவிக்கறேன். பாட்டிலைக் குடு.

கிரிசெல்: முதுகுக்கு எட்டுமா உனக்கு? ஆமா... இந்த வெயில்ல எதுக்குக் கம்பளிக் கோட்டு?

எஃபி: குளுருது.

கிரிசெல்: குளுருதா?

எஃபி: தொடாத கிரிசெல்... வேண்டாம்னா விடேன்...

கிரிசெல்: ஐயோ, எஃபி... நெஞ்செல்லாம் சிவப்புப் புள்ளி. உடம்பு கொதிக்குது. எப்பலேருந்து?

எஃபி: புள்ளி நேத்துதான் வந்துச்சு.

கிரிசெல்: சொல்லணும்னு தோணலையா உனக்கு?

எஃபி: எப்படிச் சொல்றது? மெய்ஸியைப் பாத்துப் பாத்தே நீ பாதியாயிட்ட. இந்தக் காய்ச்சலை ரயில்ல ஏத்திக்கிட்டுப் போக மாட்டேன். எதையாவது சாக்கு சொல்லி வண்டியை விட்டுட்டு, அப்புறமா மெதுவா சொல்லலாம்னு இருந்தேன்.

கிரிசெல்: எனக்கு அழக்கூடத் தெம்பில்லடி...

எஃபி: அழாத. வண்டிக்காரனைப் போகச் சொல்லு. மெய்ஸி பக்கத்துல எனக்கு ஒரு கட்டில் போடு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே கிடக்கறோம்.

கிரிசெல்: சாகறவங்க கையில வெளிச்சம் இல்லாம போகக் கூடாதாம், இந்த ஊர்ல... விடிகாலையில மிலுட்டின்தான் கம்பை ஊனிக்கிட்டு வந்து, அவ கையில மெழுகுவர்த்தியை வெச்சுப் பிடிச்சுக்கிட்டான். நீ வண்டி ஏறுற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு இருந்தேன்... புதுக் கட்டில் வேண்டாம் எஃபி. மெய்ஸியோட கட்டில் காலியாத்தான் இருக்கு.