மதுரை தாண்டிய பிறகு

— செருப்ப எதுக்குலே வெளிய விட்டுட்டு வந்த, கதிரவா?

— நீங்க மட்டும் என்ன, போட்டுக்கிட்டா நிக்கீக? குனிஞ்சு பாருங்க, சின்னவரே.

— ஆத்தாடி, ஆமாலே! என் செருப்பும் வாசல்லதான் கெடக்கு.

— பீரங்கி மருந்து வச்சிருந்த ரூமுன்னு அந்தக் கைடு சொன்னான்ல. மருந்துன்னு காதுல விழுந்ததும் காலு தானா கழட்டிருச்சு. வெடிக் கம்பெனிப் பழக்கம்.

— இந்த மருந்து காலியாகி எத்தன தலமுறையாச்சோ. அங்கன பாரு, அந்தக் குசராத்திப் பொம்பளைக நம்மளப் பாத்து அவுகளும் கழட்டுதாக! உள்ள சாமி இருக்குன்னு நெனச்சிட்டாக போல.

— அது சரி. அடுத்த வருசம் வந்தா உண்டியலும் இருக்கும்.

— சிரிக்க வைக்காத. ஆமா, இப்ப என்னய எப்பிடிக் கூப்பிட்ட? சின்னவரா? மதுர தாண்டுன பெறகு அந்தப் பேச்சு கூடாதுன்னு ரயில்ல சொன்னேனா இல்லையா?

— நாக்கு கேக்க மாட்டேங்குது. கம்பெனியில நீங்க போர்மேன். ஊருல எங்க அய்யா ஒங்க காட்டுலயே கெடந்து ஒழச்சவரு. ரெண்டும் சேந்து ஒட்டிக்கிட்டா எங்கிட்டு உரிக்க?

— மாப்ளன்னு சொல்லு.

— மாப்ள.

— நீன்னு சொல்லு.

— நீ ஒரு கிறுக்கன், மாப்ள.

— ஆங், இப்பச் சரி. என்னங்கிற! நம்ம புது பேன்சி வெடிய விட்டுக் காட்டப் போன எடத்துல ஏஜெண்டு ஆர்டரும் போட்டு, ரூமும் போட்டு, கடலுக்குள்ள கோட்டையும் பாத்துட்டுப் போங்கன்னு அனுப்பிட்டாரு. வந்ததுல இருந்து ஒரே தட்டுல ரொட்டியப் பிச்சுத் திங்கோம். ஊருல நடக்குமா இது?

— நடக்காது.

— என்னலே, பொட்டுன்னு போட்டு ஒடைக்க.

— விடு. இங்கிட்டு வா, இந்த உள் ரூமப் பாத்தியா? சன்னல் இல்ல, ஒரே ஒரு வாசல். நம்ம பக்கம் இப்பிடிக் கட்டுனா அதிகாரி வந்து சீல் வச்சிருவாரு.

— இது ஜெயிலுடா. கோட்டையப் பின்னாடி ஜெயிலாக்கிட்டானாம். கம்பிக் கதவு தெரியல?

— அதான பாத்தேன். மருந்துக்குத்தான் ரெண்டு வாசல் வேணும். மனுசனுக்கு ஒண்ணு போதும்னு விட்டுட்டான்.

— ஏலே, ஒந் தங்கச்சி பானுப்பிரியா கல்யாணம் எங்கன? மாப்பிள்ள ஊரு ஆமத்தூர்லயா?

— இல்ல, எங்க தெருவுலதான் பந்தல். மறுநாள் கறிச்சோறு. ரயில்ல நீ சொன்னது நெசந்தானா? வருவியா?

— மொதப் பந்தியில உக்காருவேன். என்னங்கிற!

— ஒங்க அப்பாவும் வருவாரு. எங்க அக்கா கல்யாணத்துக்கு வந்தாருல்ல. பந்தல் ஓரமா சேர் போட்டு உக்கார வச்சோம். சோறு திங்க மாட்டாரு, தண்ணி குடிக்க மாட்டாரு. கடையில கலர் சோடா வாங்கி மூடி திறக்காமக் கொண்டாந்து குடுக்கணும். எங்க அய்யாதான் ரெண்டு கையில ஏந்திக் குடுத்தாரு. மூடிய ஒங்க அப்பாவேதான் திறந்தாரு.

— அது அந்தக் காலத்து ஆளுக, மாப்ள.

— போன வைகாசியிலதான்.

— ம்... நான் அப்பிடி இல்ல. எனக்கு நல்லி எலும்பா பாத்து எடுத்து வையி.

— எங்க அய்யாகிட்டப் போன்ல சொன்னேன். நம்ப மாட்டேன்னுட்டாரு. எங்க அம்மாவுக்குத்தான் தலகால் புரியல. போர்மேன் எங்க வீட்டுப் பந்தியில உக்காரப் போறாருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டா.

— ஒங்க அம்மா சண்முகத்தாய் சொன்னா சொல்லட்டும். இரு, போன் அடிக்குது.

— மருந்து ரூமுக்குள்ள செல்போனா? கம்பெனியா இருந்தா நீயே என்னய வெளிய அனுப்பிருப்ப.

— எங்க அம்மா. வீடியோ கால். கதிரவா, செத்த அங்கிட்டுப் போ.

— எங்கிட்டு? சுத்திச் சுவருதான.

— அந்த ஜெயில் ரூமுக்குள்ள போயி மூலையில நில்லு. சத்தங் காட்டாத. போலே, சீக்கிரம்... எம்மா! கேக்குதா?

— ஏய்யா அருள்பாண்டி, என்னய்யா அங்கன இம்புட்டு இருட்டு?

— கோட்டைம்மா. கடலுக்கு நடுவுல இருக்கு. பழைய ஜெயிலு.

— ஜெயிலையெல்லாம் எதுக்கு ராசா போயிப் பாக்க? சாப்ட்டியா?

— ஆச்சும்மா.

— அந்த நாகையா மகன் கூட வந்திருக்கான்ல, ரூமு ஒண்ணா ரெண்டா?

— ரெண்டும்மா.

— தட்டு, டம்ளரு?

— எல்லாம் தனித்தனி. அவன் வேற கடையில சாப்ட்டுக்கிடுதான்.

— இப்ப எங்கன இருக்கான்?

— அவனா... வெளிய. என் செருப்பப் பாத்துக்கிட்டு நிக்கான்.

— மட்டு மருவாதி தெரிஞ்ச பய. ஆனா அவன் ஆத்தாளுக்கு வாய் கூடிப்போச்சு. நீ அவுக கல்யாணப் பந்தியில உக்காரப் போறியாம்ல? கொளாயடியில நின்னு சொல்லுதா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. நெசமாய்யா?

— சேச்சே. நான் எதுக்கும்மா அங்கனயெல்லாம் போறேன். அவுகளா அளந்து விடுதாக.

— அதான, எம்பிள்ள போவானா? ஊரு வாயில விளுந்தா நாளைக்கு ஒனக்கு எவன்யா பொண்ணு குடுப்பான்? அப்பா போயி ஒரு கலரக் குடிச்சிட்டு வந்துருவாரு. அது போதும்.

— சரிம்மா. சிக்னல் விட்டு விட்டு வருது, வச்சிருதேன்.

— பாத்து வாய்யா.

— கதிரவா, போன வச்சாச்சு.

— வெளிய வரலாமா?

— ஏன்லே இப்பிடிக் கேக்க? அம்மாவுக்குப் பிரசரு இருக்கு. நெசத்தச் சொன்னா படுத்துரும். அதுக்காகச் சும்மா...

— அது சரி.

— கோவமா?

— தட்டு டம்ளரெல்லாம் எனக்குப் பழகுன பேச்சு. வெவரம் தெரிஞ்சதுல இருந்து கேக்கேன். அவுக கேட்டாக, நீ பதில் சொன்ன. ஆனா செருப்ப ஆரு கேட்டா, மாப்ள? எங்கன இருக்கான்னுதான கேட்டாக. கடலப் பாத்துக்கிட்டு நிக்கான்னு சொல்லிருக்கலாம்ல.

— வாயில வந்துருச்சுடா. எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னே தெரியல.

— எனக்குத் தெரியும்.

— வெக்கமா இருக்குலே. ஒம் மூஞ்சியப் பாக்க முடியல. வேணும்னா ஒரு அடி அடிச்சிரு.

— என்னய விடு. எங்க அம்மா நாளைக்குத் தண்ணி பிடிக்கப் போவா. ஒங்க அம்மா இந்நேரம் ஆள் விட்டுச் சொல்லிருப்பாக. கொளாயடியில அத்தன பேரு முன்னாடி அவதான் பொய்க்காரி.

— அப்பிடி ஆக விடமாட்டேன். இந்தா, இப்பவே அம்மாவத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லிருதேன். ஒரே ரூமு, ஒரே தட்டு, கல்யாணத்துக்கும் போவேன்னு.

— கூப்பிடு.

— கூப்பிடுதேன்.

— பேரு தெரியுது. அமுக்க வேண்டியதுதான.

— சிக்னல் கெடைக்கல போல...

— நாலு கோடும் நிக்குது. விரலுதான் எறங்க மாட்டேங்குது. போன உள்ள வையி.

— என்னயப் பாத்தா ஒனக்கு எப்பிடி இருக்கும்னு தெரியுதுடா. எனக்கே காறித் துப்பணும் போல இருக்கு. ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்கு வருவேன். ஊருக்குப் போயி நிதானமா அம்மாகிட்டச் சொல்லிட்டு, கண்டிப்பா வருவேன்.

— படகுக்காரன் கை காட்டுதான். நடங்க.

— பதில் சொல்லிட்டு நட, மாப்ள. நான் வரட்டுமா, வேண்டாமா?

— வாங்க, சின்னவரே. செருப்பு பத்திரமா இருக்கு, மாட்டிக்கிடுங்க. கல்யாணத்துக்கும் வாங்க. ஒங்க அப்பாவுக்கு வாங்கும்போது ஒங்களுக்கும் சேத்து, மூடி திறக்காத கலரா ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லுதேன்.