தண்டவாளம் இல்லாத ஊரில் ஒரு ரயில் பாட்டு

கராச்சர்மாவிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார்: "ஒரு ரயிலால எங்க வீட்ல மூணு நாளா பேச்சே இல்லடா." தண்டவாளமே இல்லாத தீவில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் காது நீளாது?

"இங்க ஏதுண்ணே ரயில்?"

"கல்யாண நாளுக்கு உங்க அண்ணிக்குப் பாட்டு எழுத உக்காந்தேன். வரி வரல. செல்லுல ஏஐகிட்ட கேட்டேன். 'ஜன்னலோரம் நீ சிரிக்க, ரயில் தாண்டிய ஊரெல்லாம் பூத்ததடி'ன்னு குடுத்துச்சு. அப்படியே பாடிட்டேன்."

"அச்சா இருக்கே!"

"அவ ரயிலைக் கண்ணால பாத்ததில்லடா. 'மெயின்லேண்ட்ல ரெண்டு வருஷம் படிச்சீங்களே, ஜன்னலோரம் சிரிச்சவ யாரு?'ன்னு கேட்டவதான், அப்புறம் பேசல."

"அரே அண்ணே, மிஷின் எழுதுச்சுன்னு சொல்லிடுங்க. கதம், விஷயம் முடிஞ்சுது."

டெய்ரி ஃபார்ம் ஸ்டாப் தாண்டியதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எப்படிடா சொல்றது? இருபது வருஷத்துல என் பாட்டு நல்லாருக்குன்னு அவ சொன்னது இதான் மொத தடவை."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

அவர் செல்லை எடுத்தார். "அந்த ஜன்னலோரப் பொண்ணுக்கு என்ன பேரு வைக்கலாம்னு அதுகிட்டயே கேக்கப் போறேன்."