ரெண்டு வழின்னு வித்த ஒரே கேபிள்

ஹலோ... ஹலோ, மதாம் நெவீனா? மத்தியதரைக் கடலையே ரெண்டா மடிச்சு உங்க கையில வித்தவன் பேசறேன்... ஆமா, ஆமா, கேபிள் கம்பெனி ஷவ்கிதான். ரிட்டயராகி மூணு வருஷம், வாய் மட்டும் இன்னும் ஆகல...

சிரிக்காதீங்க மதாம். இன்னைக்கு விளையாட்டுக்குக் கூப்பிடல.

தெரியும், தெரியும். அலெக்சாந்திரியா பக்கம் ஏதோ கப்பலோட நங்கூரம் கேபிளை அறுத்துடுச்சு, மத்ரூஹ் ஊர்ல உங்க கம்பெனி கொடுக்கற இன்டர்நெட் முப்பது மணி நேரமா செத்துக் கிடக்கு... ஓட்டல்காரங்க ஏசத்தான் செய்வாங்க, சீசன் நேரம்...

இருங்க. இன்ஜினியர் ரிஃபாத்தை வேலையை விட்டு அனுப்பிட்டீங்களாமே?... மாத்து வழிக்குத் திருப்பத் தெரியலன்னா?... மதாம், திருப்பறதுக்கு அங்க வழியே இல்ல.

காசு வாங்கினேன். ரெண்டு வழிக்கும் தனித்தனியாத்தான் விலை போட்டு உங்ககிட்ட வாங்கினேன். வருஷத்துக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காதுன்னு உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தேன். ஆனா கடலுக்கு அடியில போறது ஒரே கேபிள்...

கதை விடலம்மா... ஆமா, டிராம் நீளத்துக்கு மீன் பிடிச்சேன்னு சொன்னதும் நான்தான். அது உள்ளங்கை நீளம். இது அப்படியில்ல.

...ஏன்னா, இன்னொரு கேபிள்ல அப்ப இடமில்ல. நீங்க கையெழுத்துப் போட பேனாவைத் திறந்துட்டீங்க. பின்னாடி மாத்திக்கலாம்னு அந்த ஒரே கேபிளை வரைபடத்துல ஒரு தடவை சிவப்புல வரைஞ்சேன், ஒரு தடவை நீலத்துல. மாத்தவே இல்ல... அன்னைக்கு சாயங்காலம் காப்பிக்கடையில இதைச் சொல்லி நாலு மேசையைச் சிரிக்க வெச்சேன் மதாம். இப்ப நெனச்சா சோறு எறங்கல.

சரி, நம்ப வேணாம். ஒப்பந்தத்தை எடுங்க, இருக்கேன்... ம்... கடைசி ரெண்டு பக்கம், வரைபடம். கேபிள் கரையேறுற இடத்துல பொடி எழுத்துல கேபிள் பேரும் அது இறங்குற குழியோட நம்பரும் இருக்கும். சிவப்புல என்ன?... நீலத்துல?...

ரெண்டுலயும் ஒண்ணுதானே மதாம்?...

ரிஃபாத் அப்பவே கேட்டான், ரெண்டுலயும் ஏன் ஒரே நம்பர்னு. வரைஞ்சவன் தூக்கக் கலக்கத்துல போட்டுட்டான், நீயும் போய்த் தூங்குன்னு சொல்லித் தட்டிவிட்டேன்... ம்... ம்... திட்டுங்க. இன்னும் பாக்கி இருந்தா அதையும் திட்டுங்க...

யாரு வந்திருக்கா?... ரிஃபாத்தா? அவன் சாமானை எடுத்துட்டுப் போகவா?... வேணாம், வேணாம், போனை அவன்கிட்ட கொடுக்காதீங்க. எந்த முகத்தோட பேசுவேன்? நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுட்டே இருக்கேன்...

ம்...

ம்... 'இந்த மனுஷன் சொல்றது நெசந்தான் ரிஃபாத், ரெண்டு வழியும் ஒரே கேபிள்தான், உன் மேல தப்பில்ல'... ஆமா மதாம். காதுல விழுந்துச்சு. வெச்சிடறேன்.