எண்டர் தட்டாத வரி

இல்லக்கா, காப்பி எல்லாம் வேணாம், உக்காருங்க. மாதேவண்ணா உள்ளதானே படுத்திருக்காரு? எழுப்ப வேணாம். உங்ககிட்டதான் பேச வந்தேன்.

ஆமா, அதே ஆஸ்பத்திரிதான். சவிதா. கம்ப்யூட்டர் ரூம்ல அவருக்கு எதிர் மேஜை. நஞ்சன்கூட்டுலேர்ந்து தெனம் பஸ்ல வர்றேன், சேந்து அஞ்சு மாசந்தான் ஆகுது.

எதுக்கு சஸ்பெண்ட் பண்ணாங்கன்னு பதினோரு நாளா வாயே தொறக்கலையா? சரி, நான் சொல்றேன்.

லேப் ரிப்போர்ட் எல்லாம் இருக்கே, அந்தப் பெரிய கம்ப்யூட்டர், அது யூனிக்ஸ், வீட்டுல இருக்கற விண்டோஸ் மாதிரி இல்ல, வேற வகை. தெனப்படி வேலையை வரிவரியா எழுதி வச்சா அதுவே செஞ்சுக்கும். ஸ்கிரிப்ட்டும்பாங்க. அதை அங்கயே பழக முடியாதுக்கா, நோயாளிங்க சமாச்சாரம். வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டர்லயே யூனிக்ஸ் மாதிரி நடந்துக்கற ஒண்ணைப் போட்டுத்தான் பழகணும்.

பெருசா ஒண்ணும் இல்ல, ஆறே வரி. வேண்டாத ஃபைல் கெடக்கற எடத்துக்குப் போ, அங்க இருக்கறதை அழி. அவ்ளோதான். வீட்டுல இருபது தடவை ஓடுச்சு, ஒரு தடவைகூட மக்கர் பண்ணல.

அப்பறம் எப்படியா? விண்டோஸ்ல எண்டர் தட்டினா வரிக் கடைசில கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு ஒட்டிக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்கல. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அதையும் எடத்தோட பேருன்னு நெனச்சுருச்சு. அப்படி ஒரு எடமே இல்ல, போக முடியல. ஆனா கடைசி வரி, அழிக்கற வரி, அதுக்கப்பறம் எண்டரே தட்டல. குறி இல்ல. அது ஒழுங்கா ஓடி, நின்ன எடத்துலயே அழிச்சிருச்சு. நின்னது ரிப்போர்ட் இருந்த எடம்.

அழாதீங்கக்கா. மொத நாள் வரைக்கும் உள்ளது எடுத்து வச்ச நகல்லேர்ந்து திரும்பக் கெடச்சிருச்சு. அன்னிக்குக் காலைல வந்தது மட்டும் போச்சு. முப்பத்திரண்டு பேருக்கு மறுபடி ரத்தம் எடுத்தாங்க. ஹுணசூர்லேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு, அதுக்கு முதுகுத் தண்டுலேர்ந்து நீர் எடுக்க மறுபடி ஊசி. ரெண்டு நர்ஸ் அமுக்கிப் புடிச்சிருந்தாங்க. அது கத்தினது வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன்.

அண்ணா லாகின்ல ஓடுச்சில்லையா, அவரைப் புடிச்சுக்கிட்டாங்க. எழுதினது யாருன்னு விசாரணைல மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் ஓட்டினது நான்தான்னாரு.

என்னக்கா? ஆமா, உங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்லதான். எனக்குத் தெரியும்.

எங்க வீட்டுல இருக்கு.

ஆஸ்பத்திரில மொத தடவை ஓட்ட எனக்குப் பயமா இருந்துச்சு. குடும்மா, நான் ஓட்டறேன்னு அவருதான் வாங்கினாரு. பாத்துட்டேன், சரியா இருக்குன்னு நான் சொன்னேன்.

இல்லக்கா, எழுப்பாதீங்க. அவரு முகத்துல முழிக்க எனக்குத் தைரியம் இல்ல. காலைலயே எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன் வரும், எடுக்கச் சொல்லுங்க. நான் வர்றேன், அஞ்சேகால் பஸ்ஸு.