வேலங்கட்டையும் புதுக் கேபிளும்

முழங்கால் வலிக்கிறது ஐயா. பெஞ்சில் உட்காரச் சொல்கிறீர்கள், நல்ல மனசு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நின்றுகொண்டே சொல்கிறேன், ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துக் குதித்துத் தேய்ந்த கால் இது.

என் பெயர் உபகாரசாமி. பிறந்தது அயோத்தியாப்பட்டணம். பிழைப்பு நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் வேலுமணிக் கவுண்டர் தோட்டத்தில். என்ன வேலை என்று கேட்டீர்கள். கட்டை போடுகிற வேலை.

கவுண்டரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது எடுத்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மஞ்சள் மூட்டை ஏற்றலாம். ஓட்டுவது கவுண்டரேதான். கால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். நிறுத்திவிட்டு இறங்கும்போது இழுத்து வைக்க வேண்டிய கை பிரேக்தான் இல்லை. அதன் கேபிள் ஏலத்துக்கு வரும்போதே அறுந்துதான் வந்தது. காலை எடுத்தால் வண்டி பள்ளத்தைப் பார்த்துக் கிளம்பிவிடும். அதனால் கவுண்டர் பிரேக்கை மிதித்தபடி, "உபகாரம், போடு" என்பார். நான் பின்னாலிருந்து குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பேன். அப்புறம்தான் காலை எடுப்பார். அவர் சொல்லாமல் நான் போட்டதில்லை. நான் போடாமல் அவர் இறங்கியதில்லை.

கருவேலங்கட்டை, நானே செதுக்கியது. வாரம் தவறாமல் வேப்பெண்ணெய் தடவுவேன். படுக்கும்போது தலைக்கு அதுதான். என் சம்சாரம் அன்னாள் இதைப் பற்றி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். எங்கள் கல்யாணத்தன்று சாமியார் தாலியை மந்திரிக்கிற நேரம், கவுண்டர் வண்டி மாதா கோவில் மேட்டில் வந்து நின்று ஹாரன் அடித்தது. மாலையும் கழுத்துமாகப் போய்க் கட்டை கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குள் என்ன கெட்டுப்போயிற்று? தாலி தட்டில்தான் இருந்தது. அவள் இன்னும் அதையே பேசுகிறாள்.

வம்பு சேலத்தில் ஆரம்பித்தது. வண்டிக்குச் சர்டிபிகேட் புதுப்பிக்கப் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் கை பிரேக் லீவரை இழுத்தார். அது சும்மா மேலே வந்தது.

"என்னய்யா இது? கை பிரேக் எங்கே?"

கவுண்டர் என்னைக் காட்டி, "இதாங்க" என்றார்.

"இது ஆளுய்யா."

"ஆளுதானுங்க. ஆனாப் புடிச்சாப் புடிச்சதுதானுங்க. வேணும்னா மேட்டுல நிறுத்திப் பாருங்க."

அவரும் நிறுத்திப் பார்த்தார். வண்டி நின்றது. ஆனாலும் ஆளைக் கை பிரேக் என்று எழுத ரூலில் இடமில்லை என்றுவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கவுண்டர் "இதாங்க" என்றாரே, அது போதும் எனக்கு. அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அடுத்த வாரம் சேலத்திலிருந்து அற்புதராஜ் என்கிற மெக்கானிக் வந்தான். அந்த வண்டிக்கான கேபிள் கடைகளில் கிடைக்காது. வேறொரு வண்டியின் கேபிளை அளவாக வெட்டி, முனையில் பித்தளைக் குண்டு பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தான். பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கினான். பழைய கேபிளை உருவினான். துருவேறி, செத்த சாரைப்பாம்பு மாதிரி வந்தது. புதியதற்குக் கிரீஸ் தடவி, வண்டிக்கு அடியில் நுழைத்து, லீவரில் மாட்டி, நட்டை முறுக்கினான். பிறகு லீவரை இழுத்து வைத்துவிட்டு, "அண்ணே, சக்கரத்தச் சுத்துங்க" என்றான். நானும் தம் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை.

"இனிமே ஒங்களுக்கு ஓய்வுண்ணே. ஞாயித்துக்கிழம முழுப் பூசையும் பாக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் மீதும் எனக்குக் கோபமில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கவுண்டர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மஞ்சள் வேகவைக்கிற கொப்பரைப் பக்கம் போட்டார். கூலி அதேதான். நிழல் உண்டு, குதிக்க வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் யார் இவ்வளவு செய்வார்கள்? கவுண்டர் சம்சாரம் ராமாயியம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "ஏப்பா, அந்தக் கட்ட சும்மாதான கெடக்குது. இதுல தள்ளு, ஒரு கொப்பரைக்கு ஆவும்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. காய்ந்த கருவேலம் நின்று எரியும். "நாளைக்குத் தள்றனுங்க" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

அப்போதுதான் யோசித்தேன். கட்டையை இத்தனை வருஷம் சோதித்தாகிவிட்டது. நேற்று வந்த கேபிளை யார் சோதித்தார்கள்? அதை நம்பி ஒரு குடும்பம் சரிவில் வண்டியை நிறுத்துகிறது. யாராவது பார்க்க வேண்டாமா?

கேபிள் என்பது பல இழைகளை முறுக்கிய கம்பி. மத்தியானம் கவுண்டர் கண்ணயர்கிற நேரம் வண்டிக்கு அடியில் படுத்து, அரத்தால் ஓர் இழையை அறுத்தேன். சாயங்காலம் வண்டி நின்றது. மறுநாள் இன்னோர் இழை. அன்றும் நின்றது. இப்படியே நாளுக்கு ஓர் இழை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அற்புதராஜ் நல்ல வேலைக்காரன். எனக்கே அலுத்துப்போயிற்று.

என் ஆசை சின்னது ஐயா. வண்டி ஒரு சாண் நகர வேண்டும். கவுண்டர் திரும்பி, "உபகாரம், போடு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கொப்பரையை விட்டுவிட்டு, வண்டி நிற்கிற இடத்துக்கெல்லாம் கட்டையோடு போய் நின்றேன். கவுண்டர் கேலி செய்வார். "அந்தக் கொழந்தைய இன்னும் எறக்கி உடலியாப்பா? இடுப்பு வலிக்கப்போவுது."

அன்றைக்கு மூட்டை நிறைய ஏற்றிய வண்டியைக் களத்து மேட்டில் நிறுத்தி, லீவரை இழுத்து வைத்துவிட்டு இறங்கினார். அங்கிருந்து கிணறு வரைக்கும் ஒரே சரிவு. பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று கிணற்று விளிம்பில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கேபிள் அறுந்தது. பெரிய சத்தமில்லை, மணிக்கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி நகர்ந்தது, முதலில் மெதுவாகத்தான். சக்கரம் என் காலை உரசிக்கொண்டு போனது. கட்டை கையில் இருந்தது. குனிந்தால் போதும். முழங்கால் வலித்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் பொய் சொல்லக் கூடாது. அன்றைக்கு வலிக்கவில்லை.

நான் கவுண்டரைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் கட்டை இருப்பதையும் பார்த்தார். வாய் திறந்தது. "ராமாயி" என்றார்.

என்னைக் கூப்பிடவில்லை. வண்டி அவரையும் தள்ளிக்கொண்டு கிணற்றுக்குள் போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். சொல்லாமல் போட்டதில்லை என்று முன்பே சொன்னேனே.

சங்கிலி கட்டி, மாடு பூட்டி, ஊரே சேர்ந்து வண்டியை மேலே இழுத்தபோது நீங்களும் வந்துவிட்டீர்கள். கரைக்கு வந்த வண்டி மறுபடியும் பின்னால் உருளப் பார்த்தது. கூட்டத்தில் யாரோ, "உபகாரம், கட்டயப் போடப்பா" என்றார்கள். ஓடிப்போய்க் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு விரற்கடை அசைந்ததா? நீங்களே பார்த்தீர்கள். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

கட்டையைச் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். யாரையாவது எண்ணெய் தடவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கொலை என்கிறீர்கள். படித்தவர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த மட்டில் கட்டையில் அன்றும் ஒரு பழுதும் இல்லை. பழுதானது கேபிள். அறுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன், கைநாட்டு வைக்கிறேன்.

ராமாயியம்மாவைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். அவர்கள் குடும்பத்துக்கு நான் ஒரு கேபிள் பாக்கி.