அரை இஞ்சு

அதக் கேக்காதீங்க டீச்சர், அது விக்கிறதுக்கில்ல. மாதிரிக்கும் தர மாட்டேன். ஆணியில தொங்குற அந்த பிளவுஸப் பாக்குறவங்க எல்லாரும் இதே மாதிரி தச்சுக் குடுன்னுதான் கேக்குறாங்க, நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடுவேன். உங்களுக்கு வேற நல்லதாத் தச்சுத் தரேன், கவலைய விடுங்க. இப்படித் திரைக்கு உள்ள வந்து நில்லுங்க. கைய லேசாத் தூக்குங்க. மூச்ச அடக்க வேண்டாம். டேப்பப் பாத்தாலே எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்குறாங்க, அப்பறம் மூச்சு முட்டுதுன்னு எங்கிட்டயே சண்டைக்கு வராங்க.

துணி நல்ல மெல்லிசு. இலை உதிர்ற இந்தச் சமயத்துக்கு இதான் சரி. காலையில குளிருது, மத்தியானம் வேர்க்குது, ரெண்டுங்கெட்டான் காலம். கைய முழுசா வச்சுடறேன். உள்பக்கம் சின்னதா ஒரு பட்டி, முழங்கைக்கு மேல ஒரு பட்டன். வெயில் ஏறினா சுருட்டி மாட்டிக்கலாம், போர்டுல எழுதறப்ப சாக்பீஸ் தூளும் துணியில ஒட்டாது. லைனிங் வேண்டாம், முன்னால மட்டும் சின்னச் சின்ன மடிப்பு வச்சா உள்ள எதுவும் தெரியாது. காலர் வேணுமா? வச்சுட்டாப் போச்சு.

இருங்க, இன்னும் முடியல. இடது பக்கம் இன்னொரு தடவ பாத்துக்கறேன்.

யாரோடதா? எங்கக்காவோடது. போன வருஷம் இதே சமயத்துல தச்சது. அக்காவுக்குத் தபால் ஆபீஸ் கவுன்ட்டர்ல வேல. கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருக்கறவளுக்குப் பாதி உடம்புதான் ஊருக்குத் தெரியும், அந்தப் பாதிய நீ நல்லாப் பாத்துக்கோடின்னு சொல்லிச் சிரிப்பா. எனக்கு இந்த மெஷினப் புடிச்சுக் குடுத்து, மெறட்டி உக்கார வச்சதும் அவதான். அவளுக்கு நான் அளவே எடுக்கறதில்ல. பழைய பிளவுஸ் ஒண்ணு இங்கயே கெடக்கும், அத வச்சே வெட்டிடுவேன். எத்தன வருஷமானாலும் அவ அளவு ஒரு நூல் மாறினதில்ல.

அந்தத் தடவ போட்டுப் பாக்கறப்ப இடது பக்கம் மட்டும் இழுத்துது. முன்மடிப்பு கோணிக்கிட்டு நின்னுது. என்னடி இதுன்னா. என் கை தப்பு, சரி பண்ணிடறேன்னேன். மனசுல ஏதோ உறுத்துச்சு டீச்சர், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க தொழில்ல ஒரு பழக்கம், யார் உடம்புலயும் கோணல்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாது. ஒரு தோள் எறங்கியிருந்தா பஞ்சு வைப்போம். முதுகு கூனியிருந்தா பின்னால கொஞ்சம் துணி கூட விடுவோம். வந்தவங்க கண்ணாடியப் பாத்துட்டு நிமிந்து போகணும், அதுதான் எங்க கெட்டிக்காரத்தனம்.

கூடப் பொறந்தவகிட்டயும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தக் காட்டினேன். தையலப் பிரிச்சு இடது பக்கம் மட்டும் அரை இஞ்சு விட்டேன். விட்டது தெரியக் கூடாதுன்னு மேல கொடி மாதிரி ஒரு தையல் ஓட்டினேன். நீங்க அழகா இருக்குன்னு தொட்டுப் பாத்தீங்களே, அது அதுக்குப் போட்டதுதான். ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்களாம். அக்காவுக்கு ஒரே பெரும. எனக்கும்தான், வெக்கங்கெட்டவ.

குளிர் முடியறதுக்குள்ள அந்த இடது பக்கம் வலிக்குதுன்னா அக்கா, பாத்தா மார்புல கட்டி. இவ்வளவு நாள் யாருமே கவனிக்கலையான்னு டாக்டர் கேட்டாராம். மாமா தலையில கை வச்சுக்கிட்டு அழுதாரு, நான் கவனிக்காம விட்டுட்டேனேன்னு. பக்கத்துல நான்தான் இருந்தேன். நான் கவனிச்சேன்னு சொல்ல வாய் வரல. இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. அக்கா போனப்பறம், அவ ஆசையாப் போட்டது, அந்த பிளவுஸக் குடும்மான்னு கேட்டாரு. பட்டன் தொங்குதுன்னு அவளே எங்கிட்ட குடுத்துட்டுப் போனது, தச்சுத் தரேன்னு இழுத்தடிச்சுக்கிட்டே இருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுக்கறது? யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. இது சறுக்கல் இல்ல டீச்சர். என் கை சரியாத்தான் சொல்லுச்சு, நான்தான் வாய மூடிக்கிட்டேன்.

ம், கைய எறக்கிக்கோங்க. போதும்.

இல்ல, அளவக் குறிச்சுக்கல. அளவுக்குன்னு கொண்டு வந்தீங்களே, அந்த பிளவுஸ் போன வெயிலுக்கு நானே தச்சது. அதுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. இப்ப உங்களுக்கு இடது பக்கம் ஒண்ணா இல்ல. மறுபடி மறுபடி அளந்துட்டேன். ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும், நான் தையக்காரி. ஆனா அந்த அரை இஞ்ச இந்தத் தடவ நான் விட மாட்டேன்.

துணி இங்கயே இருக்கட்டும், இன்னும் கத்திரி வைக்கல. சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரியில பாப்பாங்க. நீங்க தனியாப் போக வேண்டாம். அந்த வெளக்க அணைச்சுட்டு வாங்க, நான் கடையச் சாத்தறேன்.