கூர்முனைப் பொருள் தொடர்பாக

வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருந்தால் எனக்குப் போதும்; அதற்கு மேல் பெரிய ஆசைகள் வைத்துக்கொண்டவன் இல்லை நான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், உங்கள் காவல் நிலைய எழுத்தர் எழுதிய வாக்குமூலத்தில் என்னைப் பேராசைக்காரன் என்பதுபோல ஒரு தொனி இருக்கிறது. அவர் வாக்கியமும் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் பக்கம் முழுக்க ஓடுகிறது. அதனால்தான், ஐயா, நானே என் கைப்பட எழுதித் தருகிறேன் என்று தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடம் கட்டட அனுமதி அலுவலகத்தில் கடிதப் பிரிவில் இருந்தேன். வருகிற விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பதில் என்றால் உண்டு, இல்லை என்று எழுதுவதல்ல. அதை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். படித்து முடித்த மனிதர், தப்பு நம்மேல்தான் போலிருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு போக வேண்டும். அதுதான் பதில். எனக்கு அது கைவந்த கலை.

கல்யாணம் எனக்குக் கூடிவரவில்லை. அக்காவுக்குக் கூடிவந்தது, ஆனால் அத்தான் ஒன்பதே வருடத்தில் போய்ச்சேர்ந்துவிட்டார். கையில் ஒரு பெண்ணோடு என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிச் சீருடை தைத்து மகளைப் படிக்க வைத்தாள். சமையல் அவள், துவையல் அவள், என் மாத்திரை டப்பாவில் கிழமைவாரியாக மாத்திரை நிரப்புவதும் அவள். நான் எதையும் கேட்டதில்லை. அவளாகச் செய்தாள். நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மகள் படித்து முடித்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். நாலு வருடத்துக்கு முன்பு அக்கா முதல்முறையாக விமானம் ஏறிப்போய் இரண்டு மாதம் மகளோடு இருந்துவிட்டு வந்தாள். அந்த இரண்டு மாதத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை மாத்திரையை வியாழக்கிழமை விழுங்கினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

வந்து இறங்கிய அன்று, பெட்டியைக்கூடத் திறக்காமல் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாள்.

"போறப்போ இங்க ஏர்போர்ட்ல கைப்பையைப் பிரிச்சுப் பாத்தாங்க தம்பி. நூல் வெட்டுற கத்தரி உள்ளயே கிடந்திருக்கு, நான் கவனிக்கல. அந்தச் செக்கிங் பொண்ணு அதை எடுத்துத் தொட்டியில போட்டுட்டு, என் பேரை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டா. ரெண்டு மாசமா எனக்கு அதே நெனப்பு. அதுக்கு ஏதாவது வருமா?"

வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாவது விஷயத்துக்குப் போய்விட்டாள்.

"அவ முழுகாம இருக்கா. மூணு மாசத்துல நானும் அங்கயே போயிடலாம்னு இருக்கேன். நீ சமையலுக்கு ஒரு ஆளைப் பாத்துக்க."

"வரும்," என்றேன். "பேரை எழுதியிருந்தா ஏதாவது கண்டிப்பா வரும்."

வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியாகிவிட்டது. பிறகு ஒன்றும் வராமல் இருந்தால் நான் சொன்னது பொய்யாகிவிடும். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

ரப்பர் முத்திரை செய்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் நிறையக் கேள்வி கேட்பார், கையோடு ஏதாவது ஆதாரம் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வட்டமா, சதுரமா?"

"வட்டம்."

"என்ன பேரு போடணும்?"

எழுதிக் கொடுத்தேன்: பயணிகள் கைப்பை ஆய்வுத் தொடர்நடவடிக்கைப் பிரிவு. அவர் படித்துப் பார்த்து, "நீளமா இருக்கு, எழுத்து பொடிசாத்தான் வரும்," என்றார். ஒரு அலுவலகம் உருவாவதற்கு இருந்த தடை அது ஒன்றுதான்.

முதல் கடிதத்தை இங்கே நினைவிலிருந்து தருகிறேன். "பார்வையில் காணும் நாளன்று தங்கள் கைப்பையிலிருந்து கைப்பற்றப்பட்ட கூர்முனைப் பொருள் தொடர்பான விசாரணை முடிவுறும் வரை, தாங்கள் எந்த விமான நிலைய வளாகத்தினுள்ளும் நுழையலாகாது எனத் தெரிவிக்கப்படுகிறது. நிற்க. இக்கடிதத்தின் பொருளைப் பிறர்க்கு, குறிப்பாக அயல்நாட்டில் வாழும் உறவினர்க்கு வெளிப்படுத்துவது அன்னாரின் வசிப்புரிமையைப் பாதிக்கக்கூடும்." முத்திரையை வேண்டுமென்றே பாதி அழுந்தாமல் குத்தினேன். முழுதாகத் தெரிகிற முத்திரையை யாரும் மதிப்பதில்லை.

கடிதம் வந்த அன்று அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு தையல் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ரகசியம்னு போட்டிருக்கு. உங்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள்.

"கூடப்பிறந்தவன் அரசாங்கத்துல வேலை பாத்தவனா இருந்தா காட்டலாம்," என்றேன். ஒரு விதிவிலக்கு. அவளுக்காகத்தான் செய்தேன்.

பதில் எழுத அவளுக்குத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்தேன். இதை நீங்கள் குற்றத்தில் சேர்க்கிறீர்களா, உதவியில் சேர்க்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அறியாமல் நேர்ந்த பிழை, ஏழைத் தையல்காரி, மன்னித்தருள வேண்டும் என்றெல்லாம் உருக்கமாகத்தான் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பணிவா எழுதேன் தம்பி," என்றாள். எழுதினேன். பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டு, தனக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, தபாலில் சேர்க்க என்னிடமே கொடுத்தாள்.

நாற்பது நாள் கழித்துப் பதில் அனுப்பினேன். அதற்கு முன்னால் வந்தால் எந்த அலுவலகத்தையும் நம்ப முடியாது. அதில், மேற்படி கத்தரியின் நீள அகலத்தைக் காட்டும் வரைபடம் மூன்று படிகளில் தேவை என்று கேட்டிருந்தேன். அக்கா கட்டம் போட்ட தாள் வாங்கி வந்தாள். இல்லாத கத்தரியை நினைவிலிருந்து வரைந்தாள். விரல் நுழைகிற வளையம் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்துவிட்டதென்று கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி வரைந்தாள். தையல்காரி அல்லவா, அளவில் பிசகமாட்டாள்.

மகள் ஃபோன் செய்யும்போதெல்லாம், "முட்டி வலிம்மா, ப்ளேன்ல அவ்வளவு நேரம் உக்கார முடியாது," என்று சொன்னாள். பொய்தான். அந்தப் பொய்யை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிரசவம் நாளுக்கு முன்னாடியே ஆகிவிட்டது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள். "கருணை காட்டுங்கன்னு ஒரு லெட்டர் எழுது தம்பி. ஒரே ஒரு தடவை. போய்ப் பாத்துட்டு நானே திரும்பி வந்துடறேன்."

எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய விண்ணப்பங்களில் அதுதான் சிறந்தது என்பேன். பிறகு என் மேசையில் உட்கார்ந்து அதை ஒரு அதிகாரியின் கண்ணோடு, ஆற அமரப் படித்துப் பார்த்தேன். விருப்பு வெறுப்பில்லாமல் சொல்கிறேன், அதில் பலவீனம் இருந்தது. மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை. அலுவலகம் பரிசீலித்தது, நிராகரித்தது. என் அக்கா என்பதற்காக விதியை வளைத்திருந்தால் அந்த அலுவலகத்துக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்? இந்த ஒரு கடிதத்தை மட்டும் நாற்பது நாள் காக்க வைக்காமல் ஆறே நாளில் அனுப்பினேன். அவசரம் புரியாதவன் இல்லை நான்.

குழந்தை பதினொரு நாள் இருந்தது.

மகள் அதற்குப் பிறகு ஒரு தடவைதான் நிறையப் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "நீ வந்திருந்தா ஒண்ணும் மாறியிருக்காதும்மா. ஆனா நீ வந்திருக்கலாம்." அக்கா அப்போதும் முட்டி வலியைத்தான் சொன்னாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னால் மகளின் வசிப்புரிமை போய்விடும் அல்லவா. அதன்பின் ஃபோன் மாதத்துக்கு ஒன்றாயிற்று, பிறகு வருடத்துக்கு ஒன்றாயிற்று. மகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டாள். ஆனால் ஒருநாளும் சாப்பாடு தாமதமானதில்லை. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

இப்படியே நாலு வருடம். அலுவலகத்திலிருந்து பதினேழு கடிதங்கள், அக்காவிடமிருந்து பதினாறு. இருபக்கத்தையும் தனித்தனிக் கோப்பில், தேதிவாரியாக வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் அவற்றைக் கலைத்து ஒரே சாக்கில் போட்டுக் கொண்டுபோனதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

போன மாதம் மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, என் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அக்கா விமான நிலையத்துக்குப் போனாள். போனது எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் நீங்கள் எனக்குப் படித்துக் காட்டிய அவளுடைய வாக்குமூலத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

பையில் இரண்டு மாற்றுத்துணி, சோப்பு, மாத்திரை, கடிதங்கள். வாசல் காவலரிடம், "நான் உள்ள வரக்கூடாதுங்க, தடை இருக்கு. அதனால இங்கயே நிக்கறேன். உங்க பெரியவங்களை வரச் சொல்லுங்க. நான் குத்தத்தை ஒத்துக்கறேன்," என்றாளாம். ஒரு பெண் அதிகாரி வந்து, நிழலில் உட்கார வைத்து, என்ன குற்றம் என்று கேட்டிருக்கிறார். கத்தரி என்றதும், "அந்த மாதிரி தினமும் ஒரு தொட்டி நிறைய எடுக்கறோம்மா. அதுக்கெல்லாம் யாரு கேஸ் போடுவா?" என்று சிரித்திருக்கிறார்.

அக்கா சிரிக்கவில்லை. "விசாரணைக்கு முடிவே வரலைங்க. தண்டனைன்னா அதுக்கு ஒரு தேதி இருக்கும்ல? இன்னிக்கே உள்ள போட்டீங்கன்னா, அவளுக்குப் பிரசவம் ஆகறதுக்குள்ள வெளிய வந்துடுவேன்."

அதிகாரி கடிதங்களை வாங்கிப் படித்தார். இப்படி ஒரு பிரிவே கிடையாது என்றார். அக்கா விடவில்லை, இருக்கிறது, எல்லாக் கடிதத்துக்கும் எண் இருக்கிறது, முத்திரை இருக்கிறது என்று வாதாடினாள். அந்தப் பகுதியை நீங்கள் படித்துக் காட்டியபோது, மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அதிகாரி அக்காவின் நகல்களையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர்ல 'நிற்க'ன்னு எழுதறாங்க? அவங்க லெட்டர்லயும் இருக்கு, உங்க லெட்டர்லயும் இருக்கு. உங்களுக்கு இதெல்லாம் எழுதிக் கொடுத்தது யாரு?"

"என் தம்பி," என்று சொல்லிவிட்டு, அக்கா இரண்டு கடிதத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளாம்.

நீங்கள் என்னை அழைத்துப்போக வந்தபோது அவளும் கூட வந்தாள். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். வாசற்படியிலேயே நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கத்தரிப் படத்தை மூணு தடவை வரைய வெச்சியே தம்பி, அது எதுக்கு?"

"ரெண்டு படி ஆபீசுக்கு, ஒண்ணு கோப்புக்கு," என்றேன். நியாயமான கேள்வி, நியாயமான பதில். அவள் ஏன் அப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் விமானம் ஏறிவிட்டதாகச் சொன்னீர்கள். சந்தோஷம்.

பதினேழு கடிதங்களையும் எழுதியவன் நானே. முத்திரை செய்வித்தவனும், கருணை மனுவை எழுதியவனும், அதை நிராகரித்தவனும் நானே. யாரும் என்னைத் தூண்டவில்லை. சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

நிற்க. எனக்கு என்ன தண்டனை என்பது பற்றிக் கவலையில்லை. அக்காவை நினைத்தால்தான் மனம் கேட்கவில்லை. மொழி தெரியாத ஊர். நாளைக்கு அங்கே ஏதாவது ஒரு அலுவலகத்திலிருந்து அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தால், பாவம், பதில் எழுதிக் கொடுக்க அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?